சொந்தப் புகைப்படத்திலிருந்து இலவசமாக வண்ணத் தொகுப்பு எடுக்க எந்தத் தளம் நல்லது?

அடோபி கலர். காசு கட்ட வேண்டியதில்லை. 'எக்ஸ்ட்ராக்ட் தீம்' பகுதியில் படத்தை ஏற்றினால் அதன் மேல் ஐந்து வட்டங்கள் வந்து நிற்கும், கூடவே ஐந்து நிறங்கள் கிடைக்கும். கான்வாவிலும் இந்த வசதி உண்டு, ஆனால் அது நான்கு நிறம் தரும். அவசரத்துக்கு அதுவே போதும். அடோபியில் எனக்குப் பிடித்தது, அந்த வட்டங்களை இழுத்து நமக்கு வேண்டிய இடத்தில் வைக்கலாம் என்பதுதான். மொத்த வேலையும் அதில்தான் இருக்கிறது.

ஏனென்றால் இந்த மாதிரிக் கருவிகள் பெரும்பாலும் நெருங்கிய நிறமுள்ள புள்ளிகளைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து, கூட்டத்துக்கு ஒரு நிறம் எடுக்கின்றன. அதனால் படத்தில் அதிக இடம் பிடித்த நிறம் ஜெயித்துவிடும். பட்டுச்சேலை விற்கும் உறவினர் ஒருவரின் விசிட்டிங் கார்டுக்காக ஒரு சேலைப் படத்தை ஏற்றினேன். அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் பார்டர், இரண்டுக்கும் நடுவே வாடாமல்லியில் மெல்லிய ஒரு கோடு. கருவி கொடுத்ததோ மடிப்பு வெளிச்சத்தில் வேறுபட்ட மூன்று அரக்கு, ஒரு மஞ்சள், தரையின் சாம்பல்! கடையில் அந்தச் சேலையை எடுப்பவர் கண் முதலில் போவது வாடாமல்லிக்கு. தரையை வெட்டிவிட்டு, ஒரு வட்டத்தை அந்தக் கோட்டின் மேல் இழுத்து வைத்ததும் தொகுப்புக்கு உயிர் வந்தது.

ஜரிகையில் கொஞ்சம் பொறுமை வேண்டும். மின்னும் இடத்தில் வட்டத்தை வைத்தால் வெள்ளை வரும், சற்றுத் தள்ளினால் பழுப்பு வரும். ரெண்டுக்கும் இடைப்பட்ட இடத்தைத் தேடி எடுங்கள். படத்தையும் ட்யூப்லைட்டில் எடுக்காமல் பகலில் ஜன்னல் பக்கத்தில் எடுத்தால் நிறம் ஒழுங்காக விழும்.

சரி, நிறங்கள் கிடைத்துவிட்டன. எது பின்னணி, எது எழுத்து? இதைக் கருவி சொல்லாது. வெப்எய்ம் தளத்தில் இரண்டு நிறங்களின் மாறுபாட்டை இலவசமாகச் சோதிக்கலாம். சாதாரண அளவு எழுத்துக்கு இந்த மாறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் வேண்டும் என்பது, பார்வை குறைந்தவர்களும் படிக்க வேண்டும் என்பதற்கான இணைய அணுகல் விதி. எங்கள் மஞ்சள் (சிவப்பு 224, பச்சை 165, நீலம் 38) வெள்ளையின் மேல் சுமார் 2.2 தான், படிக்கவே முடியாது. அதே மஞ்சளை அரக்கின் மேல் (122, 31, 43) வைத்தால் 4.6 தாண்டுகிறது. அதனால் கார்டின் பின்னணி அரக்கு, பெயர் மஞ்சளில். வாடாமல்லி ஓரத்தில் ஒரு கோடாக மட்டும், சேலையில் இருக்கும் அளவுக்கே.

அச்சுக்குக் கொடுப்பதானால் முதலில் ஒரே ஒரு பிரதி கேட்டு வாங்கிப் பாருங்கள். வாடாமல்லி மாதிரி பளிச்சென்ற நிறங்கள் திரையில் தெரிவது போல நான்கு மை அச்சில் வராது, ஒரு படி மங்கும்.