பேப்பரில் பெயர் இருந்தால் நாய் நம்முடையதா?

கேள்வி: நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து ஒரு லாப்ரடார் பெட்டையை வாங்கினோம். கெனல் கிளப் சான்றிதழில் இருவர் பெயரும் இருக்கிறது. மூன்று வருடமாகத் தீனி, தடுப்பூசி, பிரசவத்தன்று விடிய விடியக் கண்விழித்தது எல்லாம் என் வீட்டில்தான். இப்போது ஏழு குட்டிகள். ஈற்றைப் பதிவு செய்ய அவர் கையெழுத்தும் வேண்டுமாம். "இரண்டு குட்டி கொடு, போடுகிறேன்" என்கிறார். கிளப்பில் கேட்டால் "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று கைவிரிக்கிறார்கள். பணம் வாங்கத் தெரிந்தவர்களுக்கு நியாயம் கேட்கத் தெரியாதா?

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது. ஆனால் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 1873இல் லண்டனில் தொடங்கிய கெனல் கிளப் ஆகட்டும், 1884இல் வந்த அமெரிக்கன் கெனல் கிளப் ஆகட்டும், அவற்றின் பதிவேடு வம்சாவளிப் பேரேடுதான். இந்தக் குட்டிக்கு அப்பன் யார், ஆத்தாள் யார் என்று எழுதிவைக்கும். பிறப்புச் சான்றிதழ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: பிள்ளை யாருக்குப் பிறந்தது என்று அதில் இருக்கும், யார் வீட்டில் வளர வேண்டும் என்று இருக்காது. பதிவில் பெயர் இருப்பது சட்டப்படியான உரிமைக்கு ஆதாரம் ஆகாது என்பது லண்டன் கிளப்பின் நிலை. கூட்டு உரிமைத் தகராறுகளில் அமெரிக்கக் கிளப்பும் தலையிடுவதில்லை. இதில் எனக்கும் ஒரு குறை உண்டு. இரண்டு பெயரைச் சேர்க்கக் கட்டணம் வாங்குகிறவர்கள், "சண்டை வந்தால் நாங்கள் வரமாட்டோம்" என்பதை அந்தப் படிவத்தின் தலையிலேயே கொட்டை எழுத்தில் போடலாமே!

சரி, இப்போது என்ன செய்வது? முதலில், ஒன்றைச் செய்யாதீர்கள். "எப்படியும் அவருக்குத் தெரியப்போகிறதா" என்று அவர் கையெழுத்தை நீங்களே போட்டுவிடாதீர்கள். தெரியவந்தால் ஏழு குட்டிகளின் பதிவும் ரத்தாகலாம், உங்களையும் விலக்கிவைக்கலாம். முன்பணம் கொடுத்தவர்களிடம் "பேப்பர் வந்துவிடும்" என்று வாய்ச்சொல் கொடுக்காமல், பதிவு இழுபறியில் இருக்கிறது என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு வழக்கு ஏழு வழக்காகும்.

அப்புறம் பழைய வாட்ஸ்அப் உரையாடலைத் தோண்டிப் பாருங்கள். நாயை வாங்கிய வாரத்தில் "முதல் ஈற்றில் ஒன்று உனக்கு" என்று நீங்களே எழுதியிருப்பீர்கள். இப்படிப் பஞ்சாயத்துக்கு வந்த இருவரில் ஒருவருக்கு அந்தச் செய்தியே நினைவில் இல்லை. மற்றவரோ அதைப் படம் எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தார். அப்படி ஒன்று இருந்தால் அதுவே ஒப்பந்தம், அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள். எதுவும் இல்லாவிட்டால், மருத்துவச் செலவு, தீனிச் செலவு ரசீதுகளை அடுக்கிவைத்து, கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டு மிச்சத்தில் பங்கு பேசுங்கள். உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: நாய்க்கு அவரும் பாதிப் பணம் போட்டிருந்தால், ஏழில் இரண்டு என்பது அநியாயமான கேள்வி அல்ல. ஒத்துவந்தால் எந்தக் குட்டி, எந்தத் தேதியில் என்று ஒரு பக்கத்தில் எழுதி, அதே நேரத்தில் பதிவுப் படிவத்திலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒத்துவராவிட்டால் உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே உத்தரவு வாங்கிக்கொண்டு போனால் கிளப்பின் பேச்சு மாறும்.

இனிமேல் கூட்டாக நாய் வாங்குகிறவர்களுக்கு ஒரு வழி. அமெரிக்கக் கிளப்பின் கணக்கில், இணை சேர்த்த நாளில் பெட்டை யாருடையதோ அவரே ப்ரீடர், அதாவது குட்டி எடுத்தவர். குட்டி போட்ட நாளில் யாருடையதோ அவரே ஈற்றுக்கு உரியவர். பெட்டையை வைத்திருப்பவர், இணை சேர்ப்பதற்கு முன்பே கூட்டாளியிடமிருந்து, இணை சேர்ப்பதிலிருந்து குட்டி போடும்வரைக்குமான குத்தகையை எழுதி வாங்கிப் பதிவு செய்துவிட்டால், குட்டி போட்டபின் கையெழுத்துக்காக யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் முழுப் பணமும் கொடுத்து ஒரு கடுவன் குட்டி வாங்கினேன். பேப்பரைக் கேட்டால், "கருத்தடை செய்த சான்றைக் காட்டு, தருகிறேன்" என்கிறார் விற்றவர். வாங்கும்போது இதை அவர் சொல்லவே இல்லை. அவர் அப்படிப் பிடித்துவைக்கலாமா?

பதில்: ரசீதைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பொடி எழுத்தில் நிபந்தனை இருந்து, கீழே உங்கள் கையெழுத்தும் இருந்தால் அவர் பக்கம் வலுவாகிவிடும். வாங்குபவர் கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் பேப்பரை நிறுத்திவைக்கக் கூடாது என்பது அமெரிக்கக் கிளப்பின் விதி. உங்கள் கிளப்பின் விதியையும் பார்த்துவிட்டு, அதைச் சுட்டி அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், பிரதி கிளப்புக்கு.

விற்றவருக்காகவும் ஒரு வார்த்தை. செல்லமாக வளர்க்கத்தான் என்று வாங்கிப்போய், ஒரு வயது ஆவதற்குள் இணை சேர்த்துக் குட்டி விற்பவர்களைப் பார்த்து நொந்துபோனவர்கள் ப்ரீடர்கள். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் அதற்குக் கிளப்பிலேயே கருவி இருக்கிறது. நாய்க்குப் பதிவு உண்டு, அதன் குட்டிகளுக்குக் கிடையாது என்று கட்டுப்பாடு போட்டே விற்கலாம். அமெரிக்காவில் ஈற்றுக்கு உரியவர்தான் அதைப் பின்னால் நீக்க முடியும். இங்கிலாந்தில் அந்தக் கட்டுப்பாட்டை விற்கும் நேரத்திலோ அதற்கு முன்போ எழுத்தில் சொல்லி, வாங்குபவரின் கையெழுத்தையும் பெற்றிருக்க வேண்டும். இதைச் செய்யாமல் பேப்பரைப் பீரோவில் பூட்டிவைப்பது சோம்பேறித்தனம். உங்கள் நாயைக் கொண்டு குட்டி எடுக்கும் எண்ணம் இல்லையென்றால், இந்தக் கட்டுப்பாட்டோடு பேப்பரைத் தரச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: என் நாய்க்குத் தோலுக்கடியில் மைக்ரோசிப் இருக்கிறது. உரிமைக்கு அது போதும்தானே?

பதில்: சிப்பில் இருப்பது ஓர் எண் மட்டுமே, இப்போதைய தரப்படி 15 இலக்கம். அந்த எண்ணுக்கு எதிரே யார் பெயர் என்பது வேறொரு தரவுத்தளத்தில் இருக்கிறது. குட்டியிலேயே சிப் போட்டு விற்றிருந்தால் இன்னும் அங்கே ப்ரீடர் பெயரே இருக்கலாம். இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போய் ஸ்கேன் செய்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, பெயரையும் தொலைபேசி எண்ணையும் மாற்றிவிடுங்கள். விற்பனை ரசீது, பணம் அனுப்பிய பதிவு, உங்கள் பெயரில் உள்ள தடுப்பூசி அட்டை மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.