அடுத்த கட்டடத்தில் கேள்

அன்புள்ள ஐயா,

நான் தேவகோட்டையில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். வரலாறு, பொருளியல் இரண்டையும் சேர்த்துப் படிக்கும் கூட்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு விண்ணப்பித்தேன். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், எடின்பரோ, சோனிப்பட்டில் இருக்கும் அசோகா ஆகிய மூன்றிலும் இடம் கிடைத்திருக்கிறது. தரவரிசை, கட்டணம், வேலைவாய்ப்பு, தட்பவெப்பம் என்று பன்னிரண்டு தலைப்புகளில் அட்டவணை போட்டேன். இத்துடன் இணைத்திருக்கிறேன். மூன்றுக்கும் மதிப்பெண் ஏறத்தாழ ஒன்றாகவே வருகிறது. ‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்காதே, ஒன்றை ஒழுங்காகப் படி’ என்கிறார் பெரியப்பா. எதைத் தேர்ந்தெடுப்பது?

மெ.

அன்புள்ள மெ.,

உன் வயதில் எனக்குப் பேத்தி இருக்கிறாள். அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

அட்டவணையைப் பார்த்தேன். குளிருக்கு ஒரு கட்டம், தயிர் கிடைக்குமா என்பதற்கு ஒரு கட்டம். வகுப்பில் என்ன சொல்லித்தருவார்கள் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. நம் பக்கத்தில் மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள், வீட்டில் எத்தனை தூண் என்று எண்ணிவிட்டுப் பையனைப் பார்க்காமலே திரும்பி வந்ததாகச் சொல்வார்கள். அதுதான் நீ செய்திருப்பது. தரவரிசை என்பது மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் போடுகிற ஒரு எண். மருத்துவ ஆய்வும் அதில் சேரும், ஊர் ஊராகப் பேராசிரியர்களிடம் கருத்துக் கேட்டதும் சேரும். உன் இரண்டு பாடங்களும் எந்த இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. கட்டணம் உன் அப்பச்சி, அதாவது அப்பா, பார்க்க வேண்டிய விஷயம். வேலைவாய்ப்பைப் பற்றி உறுதியாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

பெரியப்பாவுக்கு மட்டும் ஒரு பதில். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் ஆங்கில இலக்கியம் படித்தார், லண்டனில் சட்டம் படித்தார், விமானம் ஓட்டக் கற்றார். பிறகு காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அவர் எந்தக் காலை எதில் வைத்திருந்தார் என்று கேட்டுப் பார். அதுமட்டுமல்ல, நம் செட்டிநாட்டு ஊர்களின் பெரிய வீடுகளில் பாதி, பர்மாவின் ஐராவதி ஆற்றில் ஒரு காலும் அதன் கழிமுகத்துச் சேற்றில் ஒரு காலும் வைத்த பணத்தில்தானே எழும்பின?

இனி நான் சொல்ல வந்தது. உன் கடிதம் வந்த வாரத்தில் என் மடியில் ஐயாவின் கணக்குப் பேரேடு இருந்தது. ஐயா என்றால் அப்பச்சியின் அப்பச்சி. பர்மாவின் பியாபோனில் வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஒரு லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக இருந்து, பின்னால் அதே கடைக்கு ஏஜெண்டானவர். மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வருவார், மறுபடி கப்பல் ஏறுவார். 1942இல் ஜப்பான்காரர்கள் வந்தபோது மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இந்தப் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வீட்டுப் பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து சாகும்வரை அதைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

1930 வரை பக்கங்கள் ஒரே மாதிரி இருக்கின்றன. மேலே பிள்ளையார் சுழி, பர்மியப் பெயர் ஒன்று, பற்று, வரவு, வட்டி. அதற்குப் பிறகு வரவுப் பக்கம் வெள்ளையாகிக்கொண்டே போகிறது. இன்னும் சில பக்கங்கள் தள்ளினால் அதே இடத்தில் ரூபாய்க்குப் பதில் ஏக்கர் வருகிறது. ‘நிலம் யாருக்கு வேண்டும்? எங்களுக்குப் பணம்தான் வேண்டும்’ என்று ஐயா அப்போதும் கோபப்படுவார். கடன் கொடுத்தவருக்குக் கோபம், நிலத்தை இழந்தவருக்கு அதைவிடப் பெரிய கோபம். அந்த இரண்டாவது கோபத்தைப் பற்றி ஐயா பேசி நான் கேட்டதில்லை.

நான் 1970களில் ஒரு கல்லூரியில் பொருளியல் படித்தேன். 1930களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தைப் பற்றிப் பாடம் நடந்தபோது ஆசிரியர் கரும்பலகையில் விலைக் கோடு ஒன்றை இறக்கினார். நான் எழுந்து, நெல் விலை பாதிக்கும் கீழே போனதற்காகப் பர்மாக்காரர்கள் ஏன் எங்கள் ஆட்களை வெறுத்தார்கள் என்று கேட்டேன். ‘அது வரலாறு தம்பி, அடுத்த கட்டடத்தில் கேள்’ என்றார். போனேன். வரலாற்று ஆசிரியர் தேசிய இயக்கத்தைப் பற்றி அரைமணி நேரம் அழகாகப் பேசினார். விலையைப் பற்றிக் கேட்டதும், ‘அது பொருளியல், அடுத்த கட்டடம்’ என்றார். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் அடியில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். என் கேள்வி அங்கேயே நின்றுவிட்டது.

விடை என்னவோ பிறகு புத்தகங்களில் கிடைத்தது. கீழ்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் ஏறத்தாழ 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். விலை விழுந்தது, கடன் வாராக் கடனாயிற்று, அடமானம் கைக்கு வந்தது. கொடுத்தவர் வெளியூரில் இருக்கிற நிலக்காரராக மாறினார். 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. இதில் எந்தக் கண்ணி பொருளியல், எது வரலாறு? நீயே பிரித்துக் காட்டு.

ஆகவே ஆத்தா, கூட்டு ஆனர்ஸ் என்று பலகை மாட்டியிருக்கிற எல்லா இடத்திலும் நீ பார்க்க வேண்டியது அந்த வேப்பமரத்தடியைத்தான். அங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? பெரும்பாலான இடங்களில் கூட்டு என்பது இரண்டு துறைகளின் கால அட்டவணையை ஒட்டவைத்தது மட்டுமே. இரண்டு துறையும் உன்னை அடுத்த வீட்டுப் பிள்ளை என்று நினைக்கும். பட்டத்தின் பெயரில் ‘அண்ட்’ இருந்தால் சரிபாதி, ‘வித்’ இருந்தால் ஒன்று பெரிது, மற்றது சிறிது. இதைக்கூட உன் அட்டவணையில் காணோம். கடைசி ஆண்டு ஆய்வேட்டை இரண்டு துறைக்கும் பொதுவாக எழுத விடுவார்களா, அல்லது ஏதோ ஒன்றின் வாசலில்தான் எழுத வேண்டுமா? பாதிப் பொருளியல் படிக்கிறவளுக்கு, பொருளியல் தரவுகளைப் புள்ளியியலால் ஆராயும் எகனாமெட்ரிக்ஸ் உண்டா, அல்லது ‘நேரம் இல்லை’ என்று கழற்றிவிடுவார்களா? அதைக் கழற்றிவிட்டால் பிற்பாடு மேற்படிப்பில் கதவு மூடும். பன்னிரண்டாம் வகுப்பில் நீ கணிதம் எடுத்தாயா, வணிகக் கணிதமா என்பதையும் எழுதவில்லை. இடம் கொடுத்துவிட்டார்கள் என்பதால் கணிதம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் மின்னஞ்சல் எழுது. ‘பர்மாவில் கடன் கொடுத்த ஒரு கடையின் பேரேட்டை வைத்து ஆய்வேடு எழுத நினைக்கிறேன், எனக்கு யார் வழிகாட்டுவார்கள்?’ என்று ஒரே ஒரு கேள்வி. பெயர் சொல்லிப் பதில் வருகிற இடம் ஒன்று இருக்கும். ‘இணையதளத்தைப் பார்க்கவும்’ என்று வருகிற இடமும் இருக்கும். இந்தப் பதில்களுக்கு ஒரு கட்டம் போடு, மற்ற பன்னிரண்டையும் அழித்துவிடு.

நீ கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் பொருளாதார வரலாற்றுக்கென்றே தனித் துறை இருக்கிறது. அதாவது மரத்தடியிலேயே கட்டடம் கட்டிவிட்டார்கள். பர்மா நிர்வாக ஆவணங்களும் அதே ஊரில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் சோழர் கோயிலும் பிரெஞ்சுப் புரட்சியும் படிக்க ஆசையென்றால் அந்தத் துறை உனக்குப் போதாது. எடின்பரோவில் நான்கு ஆண்டு. எம்.ஏ. என்று பெயர், ஆனால் இளநிலைப் பட்டம்தான். முதல் இரண்டு ஆண்டு விரிவாக மேய விடுவார்கள், மனம் மாறினால் தப்பிக்க வழி உண்டு. உன்னைப் போல் முடிவெடுக்கத் தயங்குகிறவளுக்கு அது நல்லது. அசோகாவில் பொருளியலும் வரலாறும் சேர்ந்த பிரிவு இருக்கிறது, தில்லியின் தேசிய ஆவணக் காப்பகம் பக்கம்தான், உன் அம்மா நினைத்தபோது ரயிலேறி வந்து பார்க்கலாம். நானாக இருந்தால் லண்டன். பேரேடு என் மடியில் இருப்பதால் அப்படிச் சொல்கிறேன். அதைக் கழித்துக்கொண்டு படி.

கிளம்புவதற்கு முன் ஒருநாள் காரைக்குடிக்கு வா. தமிழ் எண்களைக் கற்றுக்கொண்டு வா. ௰, ௱, ௲ (பத்து, நூறு, ஆயிரம்) தெரியாமல் அந்தப் பேரேட்டில் ஒரு வரிகூட நகராது, மாகாணி, முந்திரி என்று பின்னங்கள் வேறு இருக்கின்றன. 1933ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்றில், ஒரு பர்மியப் பெயருக்கு எதிரே ஐயா ஏதோ இரண்டு வரி எழுதி, பிறகு மையால் அடித்திருக்கிறார். வெயிலில் பிடித்துப் பார்த்தும் என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. உன் கண் சின்ன வயதுக் கண்தானே, பார்த்துச் சொல்.