நெடுந்தூர மிதிவண்டிப் பயணமும் தசைப்பிடிப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நான் ஞாயிறுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 50, 60 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டுபவன், வயது 36. சென்ற மாதம் முதன்முறையாக 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர மிதிவண்டிப் பயணம்) ஒன்றில் கலந்துகொண்டேன். முதல் 80 கிலோமீட்டர் வேகமான குழு ஒன்றுடன் சென்றேன். 140 கிலோமீட்டரைத் தாண்டியதும் வலது கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. சற்று நேரத்தில் இரு தொடைகளும் பிடித்துக்கொண்டன. வழிநெடுக எலக்ட்ரோலைட் எனும் உப்புகள் கலந்த நீரைத்தான் குடித்தேன். நாள்தோறும் வாழைப்பழமும் சாப்பிடுகிறேன். அப்படியிருந்தும் ஏன் இப்படி ஆயிற்று? (வாசகர், சென்னை)

தங்கள் கேள்விக்கான விடை தங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 60 கிலோமீட்டருக்குப் பழகிய கால்களிடம் தாங்கள் 200 கிலோமீட்டர் கேட்டிருக்கிறீர்கள். அதிலும் முதல் 80 கிலோமீட்டரைத் தங்களுடையதல்லாத வேகத்தில் கேட்டிருக்கிறீர்கள். தண்ணீரிலோ உப்பிலோ தாங்கள் குறை வைத்ததாகத் தெரியவில்லை.

தசைப்பிடிப்பு என்றாலே உப்புக் குறைவுதான் காரணம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1920களில் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களிலும், 1930களில் அமெரிக்காவின் ஹூவர் அணைக் கட்டுமானத்திலும், கடும் வெப்பத்தில் நாள் முழுவதும் உழைத்த தொழிலாளர்களுக்குத் தாங்கொணாத தசைப்பிடிப்புகள் ஏற்பட்டன. அவர்கள் வியர்வையில் உப்பை இழந்துவிட்டு வெறும் நீரை மட்டுமே குடித்துவந்தார்கள் என்று கண்ட மருத்துவர்கள் உப்பைக் கொடுத்தார்கள், பிடிப்புகளும் குறைந்தன. அந்தக் கண்டுபிடிப்பில் பிழையில்லை. ஆனால் அதை அப்படியே எடுத்துவந்து எல்லா விளையாட்டு வீரர்களின் எல்லாப் பிடிப்புகளுக்கும் பொருத்தியதுதான் பொருந்தவில்லை. நெடுந்தூர முப்போட்டி (நீச்சல், மிதிவண்டி, ஓட்டம்) வீரர்கள் 210 பேரைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியான ஆய்வொன்றில், பிடிப்பு வந்த 43 பேருக்கும் வராதவர்களுக்கும் இடையே நீரிழப்பிலோ இரத்த உப்புகளிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பிடிப்பு வந்தவர்கள் கூடுதல் வேகத்தில் சென்றிருந்தார்கள். முன்பும் பிடிப்புக்கு ஆளானவர்களாக இருந்தார்கள்.

சற்று எண்ணிப் பாருங்கள். உப்பு குறைவது இரத்தத்தில். அந்த இரத்தம் உடல் முழுவதும் ஓடுகிறது. அப்படியானால் கையும் தோளும் சும்மா இருக்க, மிதித்துக் களைத்த கெண்டைச்சதை மட்டும் ஏன் இழுக்க வேண்டும்? இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம் இதுதான்: தசைக்குள் இருக்கும் ஒருவகை உணரிகள் தசையைச் சுருங்கத் தூண்டுகின்றன; தசை எலும்போடு சேரும் நாண்களில் இருக்கும் உணரிகள் சுருங்கியது போதும் என்று அடக்குகின்றன. தசை அளவுக்கு மீறிக் களைக்கும்போது தூண்டுவது மிகுந்து, அடக்குவது தளர்கிறது. தண்டுவடத்திலிருந்து வரும் கட்டளை நிற்காமல் வந்துகொண்டேயிருக்க, தசை சுருங்கியபடியே பூட்டிக்கொள்கிறது. ஏற்கெனவே குறுகிய நிலையில் இருக்கும் தசை மேலும் சுருங்க முயலும்போது இது மிக எளிதில் நிகழ்கிறது.

ஆகவே தங்களுக்கு முதல் மருந்து பயிற்சிதான். வாரத்திற்கு ஒரு நீண்ட பயணத்தை 60இலிருந்து 75, 90, 110 என்று படிப்படியாக உயர்த்துங்கள். மூன்று வாரம் உயர்த்தினால் நான்காவது வாரம் குறையுங்கள். அடுத்த 200க்கு முன் ஒருமுறையேனும் 140, 150 கிலோமீட்டர் ஓட்டியிருப்பது நல்லது. வாரத்தில் இரு நாள், ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்குதல், பாதி உட்கார்ந்து எழுதல், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குதல் ஆகியவற்றைச் செய்யுங்கள்; களைப்பு வருவதைத் தள்ளிப்போடுவதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. பயண நாளில், பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகத்தில் முதல் பாதியைக் கடந்துவிடுங்கள். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம் தருகிறார்கள். நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் போனால் போதும். முன்னே போகும் குழு போகட்டும்.

வாழைப்பழத்தை விட வேண்டாம். அது நல்ல உணவு. ஒரு பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஆனால் வியர்வையில் நாம் முக்கியமாக இழப்பது சோடியத்தையே; பொட்டாசியம் சிறிதளவே போகிறது. பிடிப்பு வந்தபின் பழம் சாப்பிட்டால், அது செரித்து இரத்தத்தில் சேர்வதற்குள் பிடிப்பு தானாகவே விட்டிருக்கும்.

கொல்லிமலையில் ஏறும்போது மட்டும் எனக்குக் கெண்டைக்கால் பிடிக்கிறது. சமதளத்தில் 100 கிலோமீட்டர் போனாலும் ஒன்றும் ஆவதில்லை. இருக்கையின் உயரம் காரணமாக இருக்குமா? (வாசகர், நாமக்கல்)

இருக்கலாம், தங்கள் ஐயம் சரியான திசையில்தான் போகிறது. இருக்கை அளவுக்கு மேல் உயரமாக இருந்தால், மிதிகட்டை கீழே போகும் ஒவ்வொரு முறையும் கால் எட்டாமல் விரல் நுனி கீழ்நோக்கிச் சாய்கிறது. அப்போது கெண்டைச்சதை குறுகிய நிலையில் இருந்தபடியே வேலை செய்கிறது. மேலே சொன்னதுபோல், பிடிப்பு வருவதற்கு அதைவிட வசதியான நிலை இல்லை. சமதளத்தில் விசை குறைவாக இருப்பதால் தசை அதைப் பொறுத்துக்கொள்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது பொறுப்பதில்லை.

வீட்டிலேயே சரிபார்க்கலாம். சுவரில் சாய்ந்துகொண்டு இருக்கையில் அமர்ந்து, குதிகாலை மிதிகட்டையில் வைத்து அதை அடிமட்டத்திற்குக் கொண்டுபோங்கள். முழங்கால் அப்போது நேராக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கமாகச் சரியக் கூடாது. பிறகு வழக்கம்போல் முன்பாதத்தை வைத்தால், முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்கும். உயரத்தை மாற்ற வேண்டியிருந்தால் ஒரு முறைக்கு 3 அல்லது 4 மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள். மாற்றியபின் இரண்டு மூன்று பயணங்கள் போய்ப் பார்த்துவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள். மிதிகட்டையில் பூட்டும் வகைக் காலணி அணிபவரானால், அதன் அடியிலுள்ள கிளீட்டைச் சில மில்லிமீட்டர் குதிகால் பக்கமாக நகர்த்துவதும் கெண்டைச்சதையின் சுமையைக் குறைக்கும்.

இருக்கை சரியாகவே இருந்தால் கியரைப் பாருங்கள். மலையேற்றத்தில் நிமிடத்திற்கு 50 சுற்றுக்குக் குறைவாக, ஒவ்வொரு மிதியையும் நெட்டித் தள்ளிக்கொண்டு போகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் அவர்களிடம் குறை இல்லை. பின்சக்கரத்தில் போதிய பெரிய பற்சக்கரம் இல்லை. அங்கே 25 அல்லது 28 பற்கள் இருந்தால், பின் கியர் மாற்றி இடம்கொடுக்குமா என்று கேட்டறிந்து 32 அல்லது 34க்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்றத்திலும் 70 சுற்றை ஒட்டி மிதிக்க முடிந்தால் கால் நெடுநேரம் தாங்கும். வளைவுக்கு வளைவு சிறிது நேரம் எழுந்து நின்று மிதிப்பதும், குதிகாலைத் தாழ்த்தி மிதிப்பதும் ஒரே தசை ஒரே நிலையில் உழைப்பதைத் தவிர்க்கும்.

அப்படியானால் உப்பும் நீரும் தேவையே இல்லையா? எவ்வளவு குடிப்பது, எதைக் குடிப்பது? (வாசகர், திருச்சிராப்பள்ளி)

தேவைதான். சிலருக்கு வியர்வை மிகுதியாகவும் உப்பு மிகுந்ததாகவும் இருக்கும். அவர்களுடைய சட்டையிலும் தலைக்கவசப் பட்டையிலும் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருப்பதைக் காணலாம். மே மாத வெயிலில் ஆறேழு மணிநேரம் ஓட்டும் இவர்களுக்கு உப்பிழப்பால் உடலின் பல இடங்களில் பிடிப்பு வருவது உண்டு. உப்பு எல்லாப் பிடிப்புக்கும் காரணமில்லை என்று சொல்வதை, உப்பே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எவ்வளவு என்பதற்குத் தங்கள் உடலே அளவுகோல். புறப்படுமுன் எடை பாருங்கள். ஒரு மணிநேரம் ஓட்டிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பாருங்கள். 72 கிலோ இருந்தவர் 71.2 ஆகி, இடையில் அரை லிட்டர் குடித்திருந்தால், அவர் இழந்த வியர்வை 1.3 லிட்டர். அதை முழுவதும் ஈடுகட்ட வேண்டியதில்லை. பயண முடிவில் எடை 2 விழுக்காட்டுக்கு மேல் குறையாதிருந்தால் போதும். எடை கூடியிருந்தால் அது ஆபத்தின் அறிகுறி. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 ஓட்டக்காரர்களில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. அளவுக்கு மீறி நீர் குடித்ததே அதற்கு முதன்மைக் காரணம். இது உயிருக்கே கேடாகக்கூடியது. பிடிப்பு வந்துவிடுமோ என்ற அச்சத்தில் லிட்டர் லிட்டராக வெறும் நீரைக் குடிப்பவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

ஒரு லிட்டர் நீரில் கால் தேக்கரண்டி உப்பு சேர்த்தால் ஏறத்தாழ 600 மில்லிகிராம் சோடியம் கிடைக்கும். அதோடு எலுமிச்சைச் சாறும் மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையோ வெல்லமோ சேர்த்தால் பெரும்பாலோருக்கு அதுவே போதும். நம் பானகத்தில் ஒரு சிட்டிகை உப்பைக் கூட்டினாலும் இதேதான். வழியில் நிற்கும் இடங்களில் உப்பிட்ட நீர்மோர் மிக நல்லது. வெயிலில் காயும் போத்தலில் ஊற்றிக்கொண்டு போகாதீர்கள், கெட்டுவிடும். இளநீரை விரும்பிக் குடியுங்கள். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால், உடன் உப்பிட்ட வேர்க்கடலையோ வேறு உப்புப் பண்டமோ சேர்த்துக்கொள்ளுங்கள். உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

உணவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தசையில் சேமித்துள்ள மாவுச்சத்து தீர்ந்தால் களைப்பு விரைகிறது, களைப்போடு பிடிப்பும் வருகிறது. முதல் மணிநேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போகட்டும். ஒரு வாழைப்பழமும் ஒரு கடலை மிட்டாயும் அந்த அளவுக்குள் வந்துவிடும். பசித்தபின் சாப்பிடலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பிடித்துக்கொண்டால் உடனே என்ன செய்வது? ஊறுகாய் நீர் குடித்தால் சரியாகும் என்கிறார்களே, உண்மையா? (வாசகி, மதுரை)

முதலில் சாலையோரம் பாதுகாப்பாக நிறுத்துங்கள். இழுக்கத் தொடங்கும் அறிகுறியாகச் சதைக்குள் துடிப்பு வந்தவுடனேயே நிறுத்துவது நல்லது. கால் பூட்டிக்கொண்டபின் மிதிகட்டையிலிருந்து காலணியைக் கழற்றுவதே கடினமாகிவிடும். கெண்டைக்கால் என்றால் முழங்காலை நீட்டி, கால்விரல்களை முழங்காலை நோக்கித் தாங்களாகவே இழுங்கள். பின்தொடை என்றால் குதிகாலை ஒரு திட்டின் மேல் வைத்துக் காலை நீட்டி மெல்லக் குனியுங்கள். முன்தொடை என்றால் நின்றபடி பாதத்தைப் பின்னால் மடக்கிப் பிடியுங்கள். 20, 30 நொடி நிதானமாக வைத்திருந்து விட்டு மீண்டும் செய்யுங்கள். வெடுக்கென்று இழுப்பதும், குத்துவதும், அழுத்திப் பிசைவதும் தசை நார்களைக் காயப்படுத்தும். நீட்டும்போது நாணில் ஏற்படும் இழுவிசை அடக்கும் உணரிகளை எழுப்பிவிடுகிறது. அதனால்தான் இந்த எளிய செயலுக்கு இணையான வைத்தியம் இன்னும் இல்லை. விட்டபின், முதல் கால் மணிநேரம் இலகுவான கியரில் மட்டும் செல்லுங்கள்.

ஊறுகாய் நீர் பற்றிய செய்தியில் உண்மை இருக்கிறது. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சற்று நீரிழந்த நிலையில் இருந்த ஆண்களின் கால் பெருவிரல் தசையில் மின்தூண்டலால் பிடிப்பை உண்டாக்கி, சிலமுறை தண்ணீரும் சிலமுறை வெள்ளரி ஊறுகாயின் காடிநீரும் (வினிகரும் உப்பும் கலந்த நீர்) கொடுத்தார்கள். தண்ணீர் குடித்தபோது பிடிப்பு விட ஏறத்தாழ 134 நொடி ஆயிற்று. காடிநீருக்கு 85 நொடி. அத்தனை விரைவில் உப்பு இரத்தத்தில் சேர வழியில்லை, சேரவும் இல்லை. வாயிலும் தொண்டையிலும் உள்ள நரம்பு முனைகளைக் கடும் புளிப்பு தூண்ட, அதன் எதிர்வினையாகத் தசைக்குப் போகும் கட்டளை தணிகிறது என்றே கருதுகிறார்கள். நம் வீட்டு எண்ணெய் ஊறுகாயை அதற்கு ஈடாகச் சொல்ல மாட்டேன். காடிநீரை ஒரு சிறு புட்டியில் கொண்டுசெல்வதில் தவறில்லை. பிடிப்பு வந்தபின் இரண்டு மூன்று மடக்கு போதும். வராமல் தடுக்க முன்கூட்டியே குடிப்பதால் பயனில்லை.

மெக்னீசிய மாத்திரை சாப்பிடலாமா? (வாசகர், ஈரோடு)

உடலில் மெக்னீசியம் குறைந்திருப்பது இரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் சாப்பிடலாம். இல்லையெனில், உழைப்பால் வரும் பிடிப்பை அது தடுக்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. சிலருக்கு வயிற்றுப்போக்கைத்தான் தருகிறது.

என் தந்தைக்கு வயது 61. இரத்த அழுத்தத்திற்கும் கொழுப்புக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். நாள்தோறும் 20 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டுகிறார். இரவில் கெண்டைக்கால் பிடித்து விழித்துக்கொள்கிறார். மிதிவண்டியை நிறுத்தச் சொல்லலாமா? (வாசகி, திருநெல்வேலி)

நிறுத்தச் சொல்லாதீர்கள் அம்மா. ஆனால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறுநீரைப் பெருக்கி இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகளும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரைகளும் சிலருக்குத் தசைத் தொல்லை தருவதுண்டு. தாமாக நிறுத்துவது பெருந்தவறு; மருந்தையோ அளவையோ மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவர் சோடியம், பொட்டாசியம், கால்சியம், தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதித்து முடிவு செய்வார். குயினைன் மாத்திரை நல்லது என்று எவரேனும் சொன்னால் கேட்காதீர்கள். அது இரத்தத் தட்டணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைக்கக்கூடும் என்பதால், காலில் இரவில் வரும் பிடிப்புக்கு அதைப் பயன்படுத்துவதை எதிர்த்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது.

இரண்டு அறிகுறிகளை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே தொலைவில் கால் வலித்து, நின்ற சில நிமிடங்களில் விட்டுவிடுமானால், அது பிடிப்பாக இல்லாமல் கால் இரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். புகைபிடிப்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தசை வலியோடு சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவை இரண்டும் இல்லையென்றால், படுக்கப் போகுமுன் சுவரில் கைகளை ஊன்றி, குதிகால் தரையில் பதிய ஒரு காலைப் பின்னால் நீட்டி, இரு கால்களுக்கும் மும்மூன்று முறை, அரை நிமிடம் வீதம் கெண்டைச்சதையை நீட்டச் சொல்லுங்கள்.