டீச்சர்கிட்ட கேளுங்க: ஜூன்ல நட்ட கன்னு ஏன் பொழைக்கல?

கேள்வி: வணக்கம் டீச்சர். எம்பொண்ணு ஆறாவது படிக்கிறா. வருஷா வருஷம் ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு கிளாஸ்ல ஆளுக்கொரு மரக்கன்னு நடுறாங்க, காலாண்டு லீவு முடிஞ்சு போய்ப் பாத்தா ஒண்ணுகூட இருக்கறதில்ல, பிள்ளைக மூஞ்சி வாடிப் போயிருது. இந்த வருஷம் என்ன பண்ணலாம்னு கிளாஸ் டீச்சரே எங்ககிட்ட யோசனை கேட்டிருக்காங்க.
– ஒரு அம்மா, கண்டனூர்

பதில்: உங்ககிட்ட யோசனை கேட்ட அந்த டீச்சருக்கு மொதல்ல என் வணக்கத்தச் சொல்லுங்கம்மா. கன்னு பட்டுப்போறதுக்குப் பிள்ளைக காரணமே இல்ல, தேதிதான் காரணம். நம்ம பக்கம் ஜூன்ல ஏது மழை? ஆவணி புரட்டாசில சாயங்காலம் இடி இடிச்சு ரெண்டு மூணு மழை பெய்யும், மத்தபடி ஐப்பசி கார்த்திகைதான் நமக்கு மழைக்காலம், அதுவரைக்கும் செம்மண்ணு சுட்டுக் கெடக்கும், லீவு நாள்ல தண்ணி ஊத்தவும் ஆள் இருக்காது, பிஞ்சுக் கன்னு எப்படித் தாங்கும்.

அதனால ஜூன் ஜூலைய நடுறதுக்கு வச்சுக்காம விதை சேக்குறதுக்கு வச்சுக்கங்க. ஆனி ஆடில வேப்பம்பழம் உதிரும், அதப் பொறுக்கி சதைய கழுவிட்டு உடனே பையில மண்ணு போட்டு ஊன்றணும், ரெண்டு மூணு வாரம் சும்மா வச்சிருந்தாலே முளைப்பு கொறஞ்சிரும். ஐப்பசில மொத நல்ல மழை விழுந்ததும் எடுத்து நட்டா அதுக்கப்புறம் ரெண்டு மாசம் வானமே தண்ணி ஊத்திக்கும்.

ஆனா எனக்கு ரொம்ப ஆசையான வேலை பனங்கொட்டைதான். ஆவணி புரட்டாசில பனம்பழம் விழும்போது பிள்ளைகளக் கூட்டிட்டுப் போய்ப் பொறுக்க வைங்க, ஊர்ப் பெரியவங்ககிட்டயும் பஞ்சாயத்துலயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு ஊரணிக் கரையோரம் ஒரு அடிக்குக் குழி தோண்டி, பத்தடிக்கு ஒண்ணா போட்டு மூடிரலாம், அதுக்கப்புறம் தண்ணியே ஊத்த வேணாம். ஒண்ணு மட்டும் பிள்ளைகட்ட முன்னாடியே சொல்லிருங்க, பனை மொதல்ல கீழதான் போகும், மேல ஒத்தை ஓலை எட்டிப் பாக்கவே பல மாசம் ஆகும். இதச் சொல்லாம விட்டா ஒரு மாசத்துல "டீச்சர் செத்துப்போச்சு"ன்னு தோண்டிப் பாத்துருவாங்க. அதுக்குத்தான் பள்ளிக்கூடத்து மூலைல மண்ணக் குவிச்சு ஒரு நூறு கொட்டைய நெருக்கமா தனியாப் போட்டு வைக்கச் சொல்றேன். தை பொறந்ததும் அதத் தோண்டினா பனங்கிழங்கு, மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சு கிளாஸே உக்காந்து திங்கலாம். மண்ணுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு கண்ணால பாத்த பிள்ளைக்கு ஊரணிக் கரையில உள்ளது மேல தானா நம்பிக்கை வந்துரும். அது காய்க்க பதினஞ்சு வருஷத்துக்கு மேலயும் ஆகலாம், அப்ப உங்க பொண்ணு வேலைக்கே போயிருக்கும்!

கேள்வி: நான் எட்டாவது படிக்கிறேன். சயின்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு எல்லாரும் கடையில சார்ட் வாங்கி ஒட்டுறாங்க. நான் நெஜமா ஏதாவது செய்யணும்.
– ஒரு மாணவன், தேவகோட்டை

பதில்: மழைய அளந்து பாரு தம்பி. மேலருந்து கீழ வரைக்கும் ஒரே அகலமா இருக்குற தட்டையான அடி உள்ள டப்பா ஒண்ண மொட்டை மாடில வெட்டவெளியா வச்சிரு, தெனமும் காலைல எட்டரைக்கு ஸ்கேல வச்சு எத்தன மில்லிமீட்டர் தண்ணி நிக்குதுன்னு எழுதிட்டு கொட்டிரு. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர் தண்ணி. அப்ப 100 சதுர மீட்டர் கூரைல 20 மில்லிமீட்டர் பெஞ்சா 2,000 லிட்டர்! உங்க பள்ளிக்கூடத்துக் கூரைய டேப் வச்சு அளந்துக்க, ஐப்பசி பூரா எவ்வளவு ஓடிப்போச்சுன்னு கணக்குப் போட்டுரலாம். அப்படியே பழைய வீடு ஒண்ணுக்குப் போய் வளவுல, அதான் நடு முற்றம் இருக்குற கட்டுல, நின்னு அண்ணாந்து பாரு, ஓட்டுத் தண்ணி பூரா எப்படி நடு முத்தத்துக்கு வருது, மூலைல எங்க அண்டா வைப்பாங்க, மிச்சம் எந்த வழியா வெளிய போகுதுன்னு உங்க அப்பத்தா வயசுல உள்ளவங்ககிட்ட கேட்டு படம் வரஞ்சு கணக்கோட சேத்து வை.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் டே வந்தாலே எம்மகனுக்கு வயித்து வலி வந்துருது. ஏழாவது படிக்கிறான், ஓட்டத்துல எப்பவும் கடைசி.
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: படிக்கிற காலத்துல நானும் கடைசியா ஓடி வந்தவதான், அந்த வலி எனக்குத் தெரியும். 100 மீட்டர் ஒண்ண மட்டும் வச்சு ஒரு பிள்ளைய அளக்கக் கூடாதும்மா. குண்டு எறிதல்ல தோள் வேணும், கோ-கோவுல கண்ணும் சமயோசிதமும் வேணும், எட்டுப் பேரு உக்காந்திருக்க எப்ப யாருக்கு "கோ" குடுக்கணும்னு தெரிஞ்ச பிள்ளைதான் அங்க ராஜா. 2025 ஜனவரில டில்லில நடந்த மொத கோ-கோ உலகக் கோப்பைய நம்ம ஆண்கள் டீமும் பெண்கள் டீமும் ஜெயிச்சாங்கன்னு அவன்கிட்ட சொல்லுங்க. பி.டி. சாரப் பாத்துப் பேசி ஒரு மாசம் சாயங்காலம் கோ-கோ பழக விடுங்க. வீட்டுல ஜெயிச்சியான்னு கேக்க வேணாம், இன்னிக்கு யாரத் தொட்டன்னு கேளுங்க, அவனே மூச்சு விடாம சொல்லுவான்.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் டேக்கு பேப்பர் கப் வாங்கலாமா?
– ஒரு பெற்றோர், கோட்டையூர்

பதில்: வேணாங்க. பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் தண்ணி பாக்கெட்டும் 2019 ஜனவரி 1லருந்து தமிழ்நாட்டுல தடை. நம்ம வீடுகள்ல இல்லாத அண்டாவா? ரெண்டு எவர்சில்வர் அண்டா இரவல் வாங்குங்க, டம்ளர பிள்ளைகளே கொண்டு வரட்டும்.

கேள்வி: ஐந்தாம் வகுப்பை ஒரு நாள் வெளியே கூட்டிட்டுப் போகணும், செலவு கம்மியா.
– ஒரு ஆசிரியை, காரைக்குடி

பதில்: நம்ம சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் தாண்டி வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கே, 1977லருந்து சரணாலயம். கார்த்திகை மார்கழில காலைல வெள்ளனப் போயிருங்க, நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கொக்குன்னு பாக்கலாம். பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டில பறவைகளுக்காக தீபாவளிக்கு வெடியே போடறதில்ல, அத அந்த ஊர் ஆளுக வாயால பிள்ளைக கேக்கணும். ஆளுக்கொரு நோட்டு குடுத்து, ஒரு குழுவுக்கு ஒரே ஒரு மரம்னு பிரிச்சு விடுங்க, அரை மணி நேரம் அந்த மரத்துக்கு என்ன வந்துச்சு என்ன போச்சுன்னு மட்டும் எழுதட்டும். சத்தம் போடற பிள்ளைகள முன்னாடி உங்க பக்கத்துல வச்சுக்கங்க.