ஓகேம் என்ற இணைய விண்வெளி ஆட்டத்தில் பழைய மைனை (சுரங்கத்தை) லெவல் ஏற்றுவது லாபமா, புதுக் கோளில் முதலிலிருந்து கட்டுவது லாபமா?

லெவல் 19, 20 வரை ஏற்றிவிட்டு, அடுத்த லெவலின் விலையைப் பார்த்துத் தலைசுற்றி இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். நானும் அதே இடத்தில் நின்றவன்தான். 2011இல், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில்.

பதில் வேண்டுமானால்: புதுக் கோள். ஆனால் எல்லோரும் சொல்லும் காரணத்துக்காக இல்லை.

எல்லோரும் சொல்லும் காரணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மெட்டல் மைனின் முதல் லெவல் 60 மெட்டல், 15 கிரிஸ்டல். அதற்குப் பிறகு ஒவ்வொரு லெவலுக்கும் விலை ஒன்றரை மடங்காகும். விளைச்சல் அந்த வேகத்தில் ஏறாது. லெவல் 5க்குப் போட்ட மெட்டல் ஐந்து மணி நேரத்துக்குள் திரும்பி வந்துவிடும். லெவல் 21க்கு 1,99,515 மெட்டல் கேட்கும். மணிக்கு 4,036 வந்துகொண்டிருந்தது 4,662 ஆகும், அவ்வளவுதான். கூடுதலாக வரும் 626ஐ வைத்துப் போட்டதை எடுக்க 13 நாள் ஆகும். கிரிஸ்டல் 49,878 தனி. மின்சாரமும் இன்னும் இருநூறு சொச்சம் வேண்டும்.

அதே மெட்டலை வைத்துப் புதுக் கோளுக்குப் போனால், குடியேற்றக் கப்பல் 10,000 மெட்டல், 20,000 கிரிஸ்டல், 10,000 டியூட்டீரியம் (கப்பல்களுக்கு எரிபொருளும் அதுதான்). மெட்டல் மைனை 1இலிருந்து 15 வரை ஏற்ற மொத்தமே 52,427 மெட்டல். அதை ஓட்ட சோலார் பிளான்ட் லெவல் 11, அதற்கு மொத்தம் 12,825. கூட்டிப் பாருங்கள், 75,000 சொச்சம் வரும். கிடைப்பது மணிக்கு 1,879. பாதிக்கும் குறைந்த மெட்டலில் மூன்று பங்கு விளைச்சல்.

'புதுக் கோள் பிடிக்கத் தேவையான வானியற்பியல் ஆராய்ச்சிச் செலவை ஏன் சேர்க்கவில்லை' என்று ஒருவர் கட்டாயம் வருவார். வாருங்கள். அது 4,000 மெட்டல், 8,000 கிரிஸ்டல், 4,000 டியூட்டீரியத்தில் தொடங்கி ஒவ்வொரு லெவலுக்கும் 1.75 மடங்கு ஏறும். இரண்டு லெவலுக்கு ஒரு கோள்தான் கூடும் என்பதும் தெரியும். ஏழாவது எட்டாவது கோளுக்குப் போகும்போது இந்தக் கணக்கு மாறும். கேட்டவர் அங்கே இல்லை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஸ்டெல்லாரிஸ் ஆடுபவர்களும் சண்டைக்கு வரவேண்டாம், பேரரசு பெருத்தால் ஆராய்ச்சி விலை ஏறுகிற ஆட்டம் அது, கதையே வேறு.

இப்போது என் கதை.

லாங் சைஸ் நோட்டில் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். புத்தியுள்ளவன் அந்தக் கணக்கைப் பார்த்துப் புதுக் கோளுக்குப் போயிருப்பான். எனக்கு அந்த 21 என்ற எண் மேல் ஆசை. பாண்டி முத்தியால்பேட்டையில் இருந்த சித்தப்பா பையன் அப்போது ஐந்து கோள்கள் வைத்திருந்தான். ஒன்றிலும் மெட்டல் மைன் 15ஐத் தாண்டவில்லை. 'என்னடா, ஊர் ஊராய்ப் பெட்டிக்கடை போட்டிருக்கிறாய்' என்று கிண்டல் செய்வேன். 'சரிண்ணே' என்பான், அதற்கு மேல் பேசமாட்டான்.

21 முடித்து 22க்குச் சேர்த்துக்கொண்டிருந்தேன். விலை 2,99,273. இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு செலவு உண்டு. மெட்டல் கிடங்கு லெவல் 5இல் 2,55,000தான் கொள்ளும். கொள்ளாத தொகையை எப்படிச் சேர்ப்பது? அதனால் கிடங்குக்கும் லெவல் 6. ஒரு மைனை ஏற்ற ஒரு கிடங்கைக் கட்டினேன்.

டிசம்பர் 29 இரவு கையில் 2,60,000 இருந்தது. இன்னும் எட்டரை மணி நேரம். காலையில் எழுந்ததும் பொத்தானை அமுக்கிவிடலாம் என்று படுத்தேன். புயல் வருகிறது என்று செய்தியில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். கடலூர்க்காரனுக்கு எந்த டிசம்பரில் புயல் செய்தி இல்லை? விடுப்பு மோடு என்று ஒன்று அதில் உண்டு. போட்டால் யாரும் தாக்க முடியாது, ஆனால் மைனும் ஓடாது. எட்டரை மணி நேரம் பாக்கி இருக்கும்போது யார் மைனை நிறுத்துவார்கள்?

30ஆம் தேதி விடியலில் 'தானே' புயல் கரையைக் கடந்தது. அந்த விடியலை எழுதப் போனால் வேறு பதிலாகிவிடும். எதிர்வீட்டு முருங்கை எங்கள் கேட்டின் மேல், எங்கள் கூரைத் தகரம் எங்கே என்றே தெரியவில்லை. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 11 நாள் ஆயிற்று. பண்ருட்டிப் பக்கம் மாமாவின் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன. அந்த நேரத்தில் என் மனம் மெட்டலை நினைத்துக்கொண்டிருந்தது என்று சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நினைத்துக்கொண்டுதான் இருந்தது.

ஜனவரி 3, மெழுகுவத்தி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாண்டிக்குப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெனரேட்டரில் ஒரு பிரவுசிங் சென்டர் ஓடியது. கீபோர்டில் ஏழு என்ற எண் தேய்ந்து போயிருந்தது, என் பாஸ்வேர்டில் இரண்டு ஏழு. உள்ளே போனால் ஒன்பது சண்டை அறிக்கைகள். என் மைன் நிற்காமல் ஓடி 4,70,000இல் கிடங்கை நிரப்பிவிட்டுத்தான் நின்றிருக்கிறது. ஒருவன் வந்து பாதியை எடுத்திருக்கிறான், மீதியில் பாதி, அதிலும் பாதி, அதிலும் பாதி. ஒரு தாக்குதலில் பாதிக்கு மேல் எடுக்க முடியாது, அதனால்தான் தவணை முறையில் எடுத்திருக்கிறான். மிச்சம் 31,000. பதினான்கு பெரிய சரக்குக் கப்பல்களும் குப்பையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மைன் மட்டும் பத்திரமாக 21இலேயே இருந்தது. இந்த ஆட்டத்தில் தாக்குபவனால் கட்டடத்தைத் தொட முடியாது.

சித்தப்பா பையனுக்கும் ஐந்து நாள் கரண்ட் இல்லை, அவனாலும் உள்ளே போக முடியவில்லை. அவன் கோள்களில் கிடங்கெல்லாம் லெவல் 2, 40,000இல் நிரம்பி நின்றுவிட்டது. பாதி எடுத்தால் 20,000. அதற்காக யார் டியூட்டீரியம் எரித்துக்கொண்டு வருவார்கள்? ஒரே ஒரு கோளில்தான் கைவைத்திருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். விலைப்பட்டியலில் லெவல் 22க்கு 2,99,273 என்று மட்டும்தான் இருக்கும். அதைச் சேர்க்கும் அறுபது, எழுபது மணி நேரமும் அந்தக் குவியல் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டு கிடக்கும் என்பது அதில் இல்லை. சின்ன வேலை என்றால் வந்ததை அன்றன்றே செலவழித்துவிடலாம்.

'கொள்ளை போகாமல் கப்பலில் ஏற்றி ராத்திரி முழுக்கப் பறக்கவிட வேண்டியதுதானே' என்பீர்கள். பறக்கவிட்டாலும் திரும்பி வரும்போது ஆள் இருக்கவேண்டும், கரண்ட் இருக்கவேண்டும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த ஜனவரிக்கு இணைய இணைப்பு கொடுத்தவர்கள் முழு மாத பில் அனுப்பினார்கள். கம்பம் விழுந்து லைன் தெருவில் கிடக்கிறது, போன் செய்தால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்கிறார்கள். கரண்டே இல்லை ஐயா, எதை அணைப்பது என்றேன். புகார் எண் கொடுத்தார்கள். கட்டத் தாமதமானது என்று அடுத்த மாதம் அபராதம் சேர்த்து வந்தது. கட்டினேன்.

சரி, உங்கள் விஷயம். மைனை இப்போது இருக்கும் லெவலிலேயே விடுங்கள். ஓரத்து இடங்களில் கோள் சின்னதாக அமையும், கட்ட இடம் போதாது. சூரிய மண்டலத்தின் நடுவில் பார்த்துக் குடியேற்றக் கப்பலை அனுப்புங்கள். அங்கே மைன் 15 வரும்வரை தாய்க்கோளின் கிடங்கை ஏற்றவே ஏற்றாதீர்கள். டிசம்பரில் ஆடுவதாக இருந்தால் விடுப்பு மோடு எங்கே இருக்கிறது என்று இப்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.