‘அவ வந்தா’ தப்பா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது. வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசிக்கொண்டிருந்தாள். வாரக் கடைசித் தமிழ்ப் பள்ளியில் சேர்த்த பிறகு பேச்சே குறைந்துவிட்டது. ‘அவ நேத்து வந்தா’ என்றாளாம். ‘அவள் நேற்று வந்தாள், அதுதான் சரியான தமிழ்’ என்று திருத்தியிருக்கிறார்கள். இப்போது தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் வருகிறது. ஊரிலிருந்து என் அம்மா பேசப் பேச, போனே தட்டச்சு செய்து அனுப்பும் செய்திகளும் பாதி புரிவதில்லை. நாம் பேசுவது அவ்வளவு மோசமான தமிழா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் பேசியதில் ஒரு தப்பும் இல்லை.

‘அவ வந்தா’ என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அடுத்து, ‘அவன் வந்தான்’ என்பதை வீட்டில் பேசுகிற மாதிரியே சொல்லுங்கள். கடைசி ‘ன்’ முழுதாக வராது. நாக்கு மேலே போய் ஒட்டாமல், உயிரொலி மட்டும் மூக்கில் ஒலித்து நிற்கும். ‘வந்தாள்’ என்பதில் ‘ள்’ உதிர்ந்துவிடும், மூக்கொலி இருக்காது. ஆணா பெண்ணா என்பதை அந்த மெல்லிய மூக்கொலி ஒன்றுதான் காட்டிக்கொடுக்கிறது. அப்புறம் ‘அவ வந்தா சொல்லு’ என்றால், அதே ‘வந்தா’ இப்போது ‘வந்தால்’. இந்த மூன்றையும் உங்கள் மகள் குழப்பிக்கொள்வதில்லை. யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தராத இலக்கணம் அது.

தொல்காப்பியப் பாயிரம் ‘வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்’ என்கிறது. பேச்சு வழக்கையும் பார்த்துத்தான் அந்த இலக்கணமே எழுந்தது. வழக்கைத்தான் முதலில் சொல்லியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

திருத்திய ஆசிரியர் மீது எனக்குக் கோபமில்லை. விடுமுறை நாளை விட்டுக்கொடுத்துச் சொல்லித்தருகிறவர், தனக்குக் கற்பித்த முறையிலேயே கற்பிக்கிறார். ஆனால் பிள்ளை பேசுவதைத் தப்பு என்று சொன்னால், அவள் காதில் விழுவது ‘உன் அம்மா பேசுவது தப்பு’ என்பதுதான். அதற்குப் பிறகு எப்படி வாயைத் திறப்பாள்? சிங்கப்பூரில் இந்தச் சிக்கலை நேராகவே எதிர்கொண்டார்கள். 2005இல் அங்கே தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரச் சொன்னது. சாதி, வட்டாரச் சாயல் அதிகம் இல்லாத பொதுவான பேச்சுத் தமிழ் அது. பேசப் பேச்சுத் தமிழ், எழுத எழுத்துத் தமிழ் என்று இரண்டுக்கும் இடம் கொடுத்தார்கள். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. எழுத்துத் தமிழ் கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் படிக்க முடியாது. ஆனால் வாயில் ஏற்கெனவே இருப்பதிலிருந்து அதற்குப் போக வேண்டும்.

சரி, அம்மாவின் செய்திகள். அதில் தவறு அம்மாவுடையது இல்லை. பேச்சை எழுத்தாக்கும் இந்தக் கருவிகள், பதிவு செய்த பேச்சைக் கேட்டுத்தான் பழகுகின்றன. எந்தப் பேச்சு என்பதுதான் கேள்வி. இதற்காக மக்களிடம் குரல் பதிவுகளைச் சேகரிக்கும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் போன்ற திட்டத்தில் திரையில் ஒரு வாக்கியம் வரும், அதைப் பார்த்துப் படிக்க வேண்டும். பார்த்துப் படிக்கும்போது நம் எல்லோருக்கும் நாக்கு புத்தகத்துக்கு மாறிவிடும். ‘வந்துட்டிருக்கேன்’ என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பவரும் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்றே படிப்பார். போதாததற்கு, பேச்சுக்கு ஒரே எழுத்து வடிவமும் கிடையாது. ஒருவர் ‘வந்துட்டேன்’ என்பதை யாழ்ப்பாணத்துக்காரர் ‘வந்திட்டன்’ என்பார். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு, ‘இண்டிக்வாய்சஸ்’ என்ற தொகுப்புக்காக மக்கள் தாமாகப் பேசுவதையும் உரையாடுவதையும் பதிவு செய்திருக்கிறது. எனக்குப் பெரிய நம்பிக்கை தரும் வேலை இது. அது பலன் தரும்வரை அம்மாவைத் தட்டச்சை விட்டுவிட்டுக் குரல் பதிவாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

அந்தப் பதிவுகளை மகளுக்கும் போட்டுக் காட்டுங்கள். பாட்டி சொன்ன ஒரு வாக்கியத்தை, காதில் விழுந்தபடியே ஒரு தாளில் இருவருமாக எழுதுங்கள். கீழே அதையே பாடப்புத்தகத் தமிழில் எழுதுங்கள். ‘மழ பேஞ்சுச்சு.’ ‘மழை பெய்தது.’ எங்கே என்ன மாறியது என்று அவளே கண்டுபிடிக்கட்டும். நாலைந்து தாள் சேர்ந்ததும் அவள் ஆசிரியரிடமும் கொடுத்துப் பாருங்கள்.

அன்புடன்.