ஊர் சுற்றும் பணம் எங்கே ஒழுகுகிறது?

கேள்வி: எனக்கு 34 வயது. தனியாக வசிக்கிறேன். காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துவிட்டால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. மாதம் இரண்டு முறையாவது, தோழிகளோடோ தனியாகவோ, எங்காவது போய் ஓரிரவு தங்கிவிட்டு வருவேன். வார நாட்களிலும் சும்மா இருப்பதில்லை. புதன்கிழமைகளில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, தெரியாத தெருக்கள் வழியாக வீட்டுக்கு நடப்பேன். சில நாள் விடியற்காலையில் எழுந்து, சூரியன் வருகிற வரை ஏதாவது ஒரு குன்றின் மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்படியே ஆபீஸ் போவேன். இதெல்லாம் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

பணம்தான் பிரச்சினை. மாதச் சம்பளத்தை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால் வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் 48, பெற்றோருக்கு 10, முதலீட்டுக்கு 12 போகிறது. மீதி 30. ஆனால் கிரெடிட் கார்டு பில் சராசரியாக 34 வருகிறது. ஆறு மாதமாக முழுதாகக் கட்ட முடியாமல் 24 பங்கு பாக்கி சேர்ந்துவிட்டது. அவசரத்துக்கென்று 150 பங்கு வைப்பில் இருக்கிறது. அதைத் தொடுவதில்லை என்று சபதம். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று அம்மா தினமும் சொல்கிறார். பயணங்களைப் பாதியாகக் குறைத்துவிடட்டுமா? கார் வாங்கினால் டாக்ஸி செலவாவது மிச்சமாகுமா? மூன்று மாத கார்டு ஸ்டேட்மென்டை இணைத்திருக்கிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஸ்டேட்மென்டை அனுப்பியதற்கு முதலில் நன்றி. பெரும்பாலானவர்கள் கேள்வியை மட்டும் அனுப்புவார்கள், கணக்கை அனுப்ப மாட்டார்கள். நீங்கள் அனுப்பியதால் உங்களுக்கு மட்டுமே பொருந்துகிற பதிலைச் சொல்ல முடிகிறது. பயணத்தைக் குறைக்க வேண்டாம். ஒன்றைக்கூடக் குறைக்க வேண்டாம்.

அம்மா சொல்வது சரிதான். ஆனால் அந்தப் பழமொழி ஆற்றில் போடாதே என்று சொல்லவில்லையே, அளக்கத்தானே சொல்கிறது. அளந்து பார்த்தேன். அந்த 34இல் டிக்கெட், தங்கும் அறை, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பயணத்துக்கென்றே ஆனது 11. துணி, ஷூ, பை போன்றவற்றுக்கு 6. டாக்ஸி 5. வீட்டுக்கு வரவழைத்த சாப்பாடு 8. மாதச் சந்தாக்கள் 3. கார்டு வட்டி 1. மூன்றில் ஒரு பங்குதான் பயணம். மிச்சம் இரண்டு பங்கும் பயணத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு வழியாகப் போகிறது.

அடுத்து, ஒவ்வொரு செலவுக்கும் எதிரே அது என்ன கிழமை என்று பென்சிலால் குறித்தேன். இதை நீங்களும் ஒரு முறை செய்து பாருங்கள். அரை மணி நேர வேலைதான். துணியும் ஷூவும் வாங்கியதில் பெரும்பகுதி புதன், வியாழன் இரவுகளில், பத்து மணிக்கு மேல். அதாவது சனிக்கிழமைப் பயணத்துக்கு "எதுவுமே இல்லை" என்று தோன்றுகிற நேரத்தில். சாப்பாடு வரவழைத்ததில் பாதிக்கு மேல் ஞாயிறு இரவு முதல் செவ்வாய் இரவுக்குள். டாக்ஸியில் கணிசமானவை திங்கள் காலையில். ஞாயிறு நள்ளிரவில் ஊர் திரும்பி, திங்கள் எழ முடியாமல், பஸ்ஸைத் தவறவிட்டு, டாக்ஸியில் ஓடியிருக்கிறீர்கள். உங்களிடம் இல்லாதது நேரம். அந்த நேரத்தைத்தான் வாரத்தின் மிக விலை கூடிய மணிகளில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

அதனால் நான் முதலில் மாற்றச் சொல்வது திரும்பி வரும் நேரத்தை. ஞாயிறு மதியமே கிளம்பி, சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்குள் வந்துவிடுங்கள். "கடைசி சில மணி நேரத்தை இழக்கணுமா?" என்று கேட்பீர்கள். அந்த மணி நேரங்களில் பெரும்பாலும் நீங்கள் பஸ் நிலையத்தில்தான் நிற்கிறீர்கள். சீக்கிரம் வந்தால் துணி துவைத்து, இரண்டு நாளைக்குச் சமைத்து வைத்துவிட்டுத் தூங்கலாம். சாப்பாட்டுக்குப் போகும் 8 சுலபமாக 5 ஆகும். டாக்ஸி 5 என்பது 4 ஆகும்.

டாக்ஸியை அதற்கு மேல் குறைக்காதீர்கள். ராத்திரி நேரத்தில் தெரியாத ஊரில் இறங்கும்போது டாக்ஸிக் காசை மிச்சம் பிடிக்கச் சொல்லும் ஆலோசகர் யாராவது இருந்தால் அவரை மாற்றிவிடுங்கள். தங்கும் இடமும் அப்படித்தான். ஒதுக்குப்புறத்தில் மலிவான அறை, நடுவூரில் கொஞ்சம் விலை கூடிய அறை என்று இருந்தால், தனியாகப் போகும்போது இரண்டாவதை எடுங்கள். பத்திரமாக வீடு வந்து சேர்வதற்கான பணத்தை நான் பட்ஜெட்டில் சேர்ப்பதே இல்லை. ஒரு தடவை எங்காவது மாட்டிக்கொண்டால் உடனே கிளம்பி வர எவ்வளவு ஆகுமோ, அது உங்கள் கணக்கில் எப்போதும் தனியாகக் கிடக்கட்டும். கொஞ்சம் ரொக்கமாகவும் பையின் உள் அறையில் இருக்கட்டும்.

துணிமணி விஷயத்துக்கு ஒரு எளிய வழி, தயாராகக் கட்டி வைத்த பை. ஓரிரவுப் பயணத்துக்கு வேண்டியதை ஒரு பையில் போட்டு, திரும்பி வந்ததும் துவைத்து மறுபடியும் அதிலேயே வைத்துவிடுங்கள். புதன் இரவு "எதுவுமே இல்லை" என்று தோன்றினால் பையைத் திறந்து பார்த்தால் போதும். 6 என்பது 2 ஆகிவிடும். சந்தாக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டிலேயே இருக்காதவருக்கு மூன்று படச் சந்தா எதற்கு? ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 11க்கு வருவோம். அதில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அறை வாடகை சில வாரங்களில் மட்டும் இரண்டு மடங்காக இருக்கிறது. தோழிகளோடு போகும்போது எல்லாருக்கும் சேர்த்து உங்கள் கார்டில் கட்டுகிறீர்கள், அப்புறம் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறீர்கள், சரிதானே? வந்து சேராத பங்கு மாதம் 2 இருக்கும் என்று என் கணக்கு. அதாவது உங்கள் சொந்தப் பயணச் செலவு 9தான். திரும்பி வந்து கேட்பதுதான் கஷ்டம். கிளம்புவதற்கு முன் கேட்பது கஷ்டமே இல்லை. "அறை போடப் போகிறேன், ஆளுக்கு இவ்வளவு, இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்" என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அனுப்பாதவர் வரவில்லை என்று அர்த்தம்.

ஆக பயணம் 9, சாப்பாடு 5, டாக்ஸி 4, துணிமணி 2, சந்தா 1. மொத்தம் 21. கையில் இருப்பது 30. மாதம் 9 மிச்சம், அதுவும் ஒரு பயணத்தைக்கூட விடாமல்.

அடுத்தது அந்த 24 பங்கு பாக்கி. இதில்தான் நான் உங்கள் சபதத்தை உடைக்கச் சொல்கிறேன். வைப்பில் இருக்கும் 150இலிருந்து 24ஐ எடுத்து, இந்த வாரமே கார்டை முழுதாகக் கட்டிவிடுங்கள். கார்டு மாதம் 3 சதவீதம் வட்டி போடுகிறது என்றால், கூட்டு வட்டியாக ஆண்டுக்கு அது 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. உங்கள் வைப்பு அதன் பக்கத்தில்கூட வராது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பாக்கி வைத்திருக்கும்போது, பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். 100 பாக்கி, மாதம் 3 சதவீத வட்டி, மாதாமாதம் 5 சதவீதம் கட்டுகிறீர்கள், புதிதாக எதுவும் வாங்கவில்லை. ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட 55 கட்டியிருப்பீர்கள். பாக்கி இன்னும் 77 நிற்கும்.

கட்டிய பிறகு வைப்பில் 126 இருக்கும். உங்களுக்குத் தவிர்க்க முடியாத செலவு மாதம் 58 (வீடும் பெற்றோரும்). மூன்று மாதச் செலவு என்றால் 174. ஒரே சம்பளத்தில் வாழ்பவருக்கு அதுவாவது வேண்டும். மிச்சமாகும் 9ஐ மாதாமாதம் வைப்பில் போட்டால் ஆறு மாதத்தில் அங்கே சேர்ந்துவிடுவீர்கள். அதுவரை அந்த 9 வேறெங்கும் போகக் கூடாது. 12 பங்கு முதலீடு அப்படியே தொடரட்டும்.

பயணத்துக்கான 9ஐ எப்படி வைத்துக்கொள்வது? தனியாக ஒரு கணக்கு, அதற்கு ஒரு டெபிட் கார்டு. சம்பளம் வந்த அன்றே 9 அங்கே போய்விட வேண்டும். பயணச் செலவெல்லாம் அதிலிருந்துதான். கணக்கு காலியானால் அந்த மாதம் புதன்கிழமை நடையும் விடியற்காலைக் குன்றும்தான். ஸ்டேட்மென்டில் அவை ஒரு வரிகூட இல்லை, உங்கள் கடிதத்தில் அதிக ஆசையாக எழுதியிருப்பது அவற்றைப் பற்றித்தான் என்பதையும் கவனித்தேன்.

முன்கூட்டியே கட்டுவதில் பணத்தைத் தாண்டி ஒரு லாபம் உண்டு. டிராசன் பிரெலெக், ஜார்ஜ் லோவென்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், சுற்றுலாவுக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் எப்போது பணம் கட்ட விருப்பம் என்று மக்களைக் கேட்டிருந்தார்கள். இயந்திரத்துக்குப் பின்னால் கட்டலாம், சுற்றுலாவுக்கு முன்னாலேயே கட்டிவிட வேண்டும் என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். இயந்திரம் வருடக்கணக்கில் உழைக்கும், தவணை கட்டும்போது கண் முன்னே நிற்கும். முடிந்துபோன பயணத்துக்குக் கட்டும்போதுதான் வயிறு எரிகிறது. உங்களுக்கு ஆறு மாதமாக அதுதானே நடக்கிறது? 2010இல் யெரூன் நவைன் என்பவரின் குழு நெதர்லாந்தில் செய்த ஆய்வும் நினைவுக்கு வருகிறது. சுற்றுலா போனவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது போவதற்கு முந்தைய நாட்களில். திரும்பி வந்த பிறகு பெரும்பாலோரிடம் வித்தியாசமே இல்லை. எனவே வியாழன் இரவு அவசரமாகப் பதிவு செய்பவர் காசையும் கூடுதலாகக் கொடுத்து, காத்திருக்கும் இன்பத்தையும் விடுகிறார். ஐந்தாறு வாரத்துக்கு முன்பே தேதியைக் குறித்துவிடுங்கள்.

முன்பே பதிவு செய்தால் ஆபீஸ் வேலை வந்து கெடுத்துவிடுமே என்ற பயம் நியாயமானது. நானே ஒரு தடவை மலிவாகக் கிடைக்கிறதே என்று ரத்து செய்ய முடியாத அறையைப் போட்டு, வெள்ளி மாலை ஆறு மணிக்கு வந்த ஒரு வேலையால் முழுப் பணத்தையும் விட்டேன். ரத்து செய்தவற்றை உங்கள் ஸ்டேட்மென்டிலும் பார்த்தேன், ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. பணம் திரும்பக் கிடைக்கும் அறை 15 சதவீதம் விலை கூட என்று வைத்துக்கொள்வோம். 25 முறை பதிவு செய்து 5 முறை ரத்து செய்கிறவர், திரும்பாத அறைக்கு 100 வீதம் 2500 கொடுப்பார். திரும்பக் கிடைக்கும் அறைக்கு 115 வீதம் 20 முறை, 2300தான். நூற்றுக்கு 13 முறைக்கு மேல் ரத்து செய்பவர் என்றால் விலை கூடிய அறைதான் மலிவு. உங்களைப் போன்ற வேலையில் இருப்பவர்கள் இதை யோசிக்கவே வேண்டாம், எப்போதும் அதையே எடுங்கள். கட்டணம் இல்லாமல் ரத்து செய்யக் கடைசி நாள் எது என்பதை மட்டும் போனில் நினைவூட்டலாகப் போட்டுவையுங்கள்.

கார் பற்றிய கேள்விக்குச் சின்ன பதில். குறைத்த பிறகு உங்கள் டாக்ஸி செலவு 4. காருக்குத் தவணை, காப்பீடு, எரிபொருள், பராமரிப்பு, நிறுத்துமிடம் என்று ஐந்து செலவு, அதோடு வாங்கிய நாளிலிருந்தே விலை இறங்கும். இதெல்லாம் 4க்குள் அடங்குகிற கார் எனக்குத் தெரிந்து இல்லை. காரில்தான் போக வேண்டும் என்கிற வாரங்களில் இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, பயணக் கணக்கிலிருந்து கட்டுங்கள். ஞாயிறு சாயங்காலம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், திங்கள் காலை அதை எங்கே நிறுத்துவது என்பது வேறு யாருடைய கவலையோ.